ஆசிரியர் நேரில் சென்று பார்க்காத இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் வழங்கலாமா?

கோவை விரிவுரையாளர்:

பொறியியல் மாணவர் ஒரு வாரத்தில் 40 முதல் 45 மணி நேரம் பணியிடத்தில் பயிற்சி பெற்றால் அதற்கு ஒரு கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாட மதிப்பலகு) என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் இன்டர்ன்ஷிப் கொள்கை சொல்கிறது. படிப்பு முடிவதற்குள் 600 மணி நேரத்துக்குக் குறையாமல் இப்படிப் பயில வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. வகுப்பறைப் பாடம் ஒன்றுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கினால் ஆசிரியர், பாடத்திட்டம், தேர்வு என எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் தொடங்குவோம். இன்டர்ன்ஷிப்புக்கு மட்டும் இடத்தை மாணவரே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, கடைசியில் ஒரு சான்றிதழை வாங்கி மதிப்பெண் பதிவு செய்கிறோம். பணம் கட்டியவர்களுக்குச் சான்றிதழ் அச்சிட்டுத் தரும் நிறுவனங்கள் பெருகியதற்கு நம்முடைய இந்த அலட்சியமே காரணம். பயிற்சி நடக்கும் இடத்திற்கு ஆசிரியர் ஒருமுறையேனும் சென்று பார்க்காவிட்டால் கிரெடிட் வழங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மறுப்பவர்கள் காரணங்களுடன் எழுத வேண்டுகிறேன்.

குறிச்சிப் பட்டறை உரிமையாளர்:

ஐயா, நான் மறுக்கிறேன். கோவை குறிச்சியில் உள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகங்களுக்குக் கடைசல் வேலை செய்யும் சிறிய பட்டறை என்னுடையது. ஒரு மாணவரை, கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தின் அருகே நிறுத்தினால் ஆபரேட்டரின் கவனத்தில் பாதி அவர்மீதே இருக்கும். அன்றைய உற்பத்தி குறையும். அதைப் பொறுத்துக்கொண்டுதான் ஆண்டுதோறும் சிலரைச் சேர்த்துக்கொள்கிறேன். இனி ஆசிரியர் வருகை, வருகைப் பதிவேடு, மாதாந்திர அறிக்கை என்று நிபந்தனைகளை அடுக்கினால் என்னைப் போன்றவர்கள் கதவை மூடிவிடுவார்கள்; பெரிய நிறுவனங்களில் தெரிந்தவர்கள் உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே பயிற்சி கிடைக்கும். தவிர, இதுவரை வந்த ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? அலுவலக அறையில் தேநீர் அருந்தினார்கள், கல்லூரிப் பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். மாணவர் அன்று எந்த இயந்திரத்தில் நின்றார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கோவை விரிவுரையாளர்:

தாங்கள் சொல்லும் வகையான வருகையை நானும் மேற்பார்வை என்று கருதவில்லை. ஆசிரியர் இரண்டாவது வாரத்திலேயே வர வேண்டும். அப்போதுதான் மாணவருக்குப் பொருந்தாத வேலை தரப்பட்டிருந்தால் மாற்ற நேரம் இருக்கும். கடைசி நாளில் வருபவரால் கையெழுத்திட மட்டுமே முடியும். வந்தவர் பட்டறைத் தளத்தில் நின்று, மாணவரின் நாட்குறிப்பைத் திறந்து, நேற்று எந்த அளவில் விலகல் வந்தது, எதைக் கொண்டு அளந்தாய், ஏன் அந்தக் கருவியைத் தேர்ந்தாய் என்று கேட்டால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். இதற்குத் தங்கள் தரப்பிலிருந்து எந்த அறிக்கையும் தேவையில்லை. பயிற்சி தொடங்கும் முன் மாணவர், ஆசிரியர், தங்கள் சூப்பர்வைசர் ஆகிய மூவரும் ஒப்புக்கொண்ட ஒரு பக்க வேலைத்திட்டம் இருந்தால் போதும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவும் அன்று. பிட்ஸ் பிலானி 1973இல் தொடங்கிய பிராக்டிஸ் ஸ்கூல் முறையில், தொழிற்சாலைகள் உள்ள ஊர்களிலேயே ஆசிரியர்களைப் பணியமர்த்தி மாணவர்களைக் கவனிக்கச் செய்தார்கள். நம் ஊரிலேயே பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்புகளில், வகுப்பும் தொழிற்கூடப் பயிற்சியும் மாறி மாறி வருமாறு பாடத்திட்டத்தை அமைத்திருக்கிறார்கள்.

குறிச்சிப் பட்டறை உரிமையாளர்:

அவை வசதியுள்ள நிறுவனங்கள். 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி, அந்த எண்ணிக்கையைக் காகிதத்தில் காட்டவே திணறும் கல்லூரிகள் எத்தனையோ இருக்கின்றன. அங்குள்ள ஆசிரியர் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, சேர்க்கைக்கு ஆள் பிடித்துவிட்டு, சொந்தச் செலவில் பேருந்து ஏறி ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போவாரா? நிபந்தனையைக் கடுமையாக்கினால், போகாமலேயே போனதாக எழுதுவார்கள். மாணவரிடம் இருக்கும் பொய்ச் சான்றிதழ் போதாதென்று ஆசிரியரிடமும் ஒன்று சேரும்.

இறுதியாண்டு மாணவி:

இருவரும் இயந்திரத்தையும் மதிப்பெண்ணையும் பற்றியே பேசுவதால் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. நான் பயிற்சிக்குச் சென்ற மென்பொருள் நிறுவனத்தில் பத்துப் பேருக்கும் குறைவாகவே பணிபுரிந்தார்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுபவர்களையும் உள்ளடக்குகிறது. ஆனால் பத்துப் பேருக்கும் குறைவான இடத்தில் உள் புகார்க் குழு இருக்காது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம்தான் புகார் அளிக்க வேண்டும். கல்லூரியில் எவரும் இதை எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. எனக்கு அங்கே தீங்கு எதுவும் நேரவில்லை. நேர்ந்திருந்தால் யாரை அழைப்பது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. எங்கள் துறையில் எவர் எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்ற பட்டியல்கூட இல்லை. ஆசிரியர் வருவதும் வராததும் அடுத்த கேள்வி. எந்த நேரத்திலும் அழைக்கக்கூடிய ஓர் ஆசிரியரின் பெயர் எங்கள் கையில் இருக்க வேண்டாமா?

மொறட்டுவைப் பொறியியலாளர்:

இலங்கை அனுபவத்தைச் சொல்கிறேன். இங்கே பொறியியல் மாணவர்களின் கைத்தொழில் பயிற்சியைப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும் கண்காணிக்கிறது. பயிற்சி நாட்குறிப்பை ஒழுங்காக எழுதுவது கட்டாயம். விரிவுரையாளர் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கத் தேவையில்லை என்பது இதன் நன்மை. ஆனாலும் நாட்குறிப்பை வாசிக்க ஆள் இல்லாத இடங்களில் பிள்ளைகள் கடைசி வாரத்தில் ஒரே பேனாவால் முழுவதையும் நிரப்புவது இங்கேயும் நடக்கிறது. ஆகவே, பதிவேட்டைக் கட்டாயமாக்கினால் போதும் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம்.

கோவை விரிவுரையாளர்:

தங்கை சொன்ன பட்டியல்தான் முதலில் வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஒரு துறைத்தலைவர் மனம் வைத்தால் நாளையே அதைத் தயாரிக்கலாம். பட்டறை ஐயா எழுப்பிய பயணச் செலவுக்கு என் பதில் இது: 60 மாணவர்களை 40 இடங்களுக்குச் சிதறவிடாமல், குறிச்சி, அம்பத்தூர், ஓசூர் என்று தொழிற்பேட்டை வாரியாகத் தொகுத்து அனுப்பினால் ஓர் ஆசிரியர் ஒரே நாளில் பலரைப் பார்க்கலாம். அந்த நாளை ஆசிரியரின் பணிநேரமாகக் கணக்கிட்டு, பயணப்படியைக் கல்லூரி தர வேண்டும். கட்டணம் வாங்கும் கல்லூரி, ஆறு வாரங்கள் வகுப்பே நடத்தாமல் கிரெடிட் வழங்கும்போது, அந்தக் காலத்துக்கான செலவை மறுக்க நியாயமே இல்லை.

குறிச்சிப் பட்டறை உரிமையாளர்:

தொழிற்பேட்டை வாரியாக அனுப்புவது நல்ல யோசனை. இரண்டு வாரத்துக்கு இருபது பேரை அனுப்புவதை நிறுத்திவிட்டு, ஆறு வாரத்துக்கு இருவரை அனுப்புங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அவர்களால் எனக்கும் சிறிது உதவி கிடைக்கும், ஆபரேட்டருக்கும் கற்றுக்கொடுக்க மனம் வரும். ஒரு பக்க வேலைத்திட்டத்தில் கையெழுத்திடவும் தயார். ஆனால் ஆசிரியர் வரவில்லை என்பதற்காக, உழைத்துக் கற்ற மாணவரின் கிரெடிட்டை நிறுத்துவதை இப்போதும் ஏற்க மாட்டேன். கடமை தவறியது கல்லூரி, தண்டனை பிள்ளைக்கா?

கோவை விரிவுரையாளர்:

அந்தக் கேள்வி நியாயமானது. மாணவரின் கிரெடிட்டை நிறுத்துவதற்குப் பதிலாக, ஆசிரியர் வருகை பதிவாகாத துறை அடுத்த ஆண்டு இன்டர்ன்ஷிப்பைக் கிரெடிட் பாடமாக வழங்கும் அனுமதியை இழக்க வேண்டும் என்று என் கோரிக்கையைத் திருத்திக்கொள்கிறேன். வருகை நடந்ததா என்பதை மாணவரும் தங்கள் சூப்பர்வைசரும் தனித்தனியாகப் பல்கலைக்கழகத்திற்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். கல்லூரி வழியாக அது செல்லக் கூடாது.