சொல் தேவை: மருந்து கொடுத்தும் போகாத இரத்தப் பூஞ்சை

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களுக்கு வணக்கம். செவிலியர் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். கேண்டிடா என்ற பூஞ்சை இரத்தத்தில் புகுந்தால் 'கேண்டிடீமியா'. சரியான மருந்து கொடுத்தும் 5 நாளுக்குப் பிறகும் ப்ளட் கல்ச்சரில் (இரத்தத்தைக் குப்பியில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில்) அது வளர்ந்தால், முன்னால் 'பெர்சிஸ்டன்ட்' சேர்கிறது. 'நாட்பட்ட' என்று போட்டேன். "ஐந்து நாள்தானே, அதற்குள் நாட்பட்டுவிட்டதா?" என்று மெய்ப்புப் பார்ப்பவர் ஓரத்தில் எழுதிவிட்டார். 'தீராத' என்றால் நோயாளியின் வீட்டார் அழுதுவிடுவார்கள்.

புலவர்:
விடாக் குருதிப்பூஞ்சை. 'விடா' என்பது 'விடாத' என்பதன் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், விடாமழை போல. குருதி இருக்க வடசொல் எதற்கு? குறுந்தொகை முதல் பாட்டிலேயே 'குருதிப்பூ' வருகிறது. பூஞ்சணம் 'பூத்தது' என்றுதானே சொல்கிறோம்? அதற்கும் பூவுக்கும் வேர் ஒன்றே என்பது என் துணிபு. ஆகவே இந்த நோயைக் 'குருதிப்பூ' என்றே அழைக்கலாம். கேண்டிடா என்பதும் இலத்தீனில் வெண்மையைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. அதை 'வெண்பூஞ்சை' ஆக்கலாம்.

மருத்துவர்:
> குருதிப்பூ என்றே அழைக்கலாம்

ஐயா, அந்தப் பாட்டில் அது செங்காந்தள். ஐசியூ வாசலில் நிற்கும் மகனிடம் "அப்பாவுக்குக் குருதிப்பூ" என்று என்னால் சொல்ல முடியாது. பெயரை வேர் பிடித்துப் பெயர்ப்பதிலும் ஆபத்து உண்டு. கேண்டிடா ஆரிஸ் என்ற வகை 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டது. ஆரிஸ் என்றால் காது. 'காதுப்பூஞ்சை' என்று அச்சிட்டால் செவிலியர் பஞ்சுக்குச்சியோடு காதுக்குத்தான் போவார். நாங்கள் தேடுவதோ அக்குளிலும் தொடை இடுக்கிலும்.

நுண்ணுயிரியல் ஆசிரியர்:
சொல்லுக்கு முன்னால் ஒரு கேள்வி. விடாமல் இருப்பது எது? நாம் பார்ப்பது பூஞ்சையை அல்ல, குப்பியை. உள்ளே ஏதாவது வளர்ந்தால் கரியமில வாயு கூடும், கருவி கூவும். ஒரு சொட்டு எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தால் முட்டை வடிவில் கருநீல ஈஸ்ட், ஓரத்தில் சின்ன மொட்டு. இது தெரிந்தால் சரி. ஆனால் உடலுக்குள் ஊடுருவிய கேண்டிடா நோயில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கல்ச்சர் தவறவிடுகிறது. ஒருமுறை நெகட்டிவ் வந்தால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ரத்தக்குழாயில் செருகிய வடிகுழாயிலோ இதய வால்விலோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், திரும்பத் திரும்பக் கல்ச்சர் எடுக்கச் சொல்கிறோம். சிக்கலில்லாத நோயாளிக்குக்கூட முதல் நெகட்டிவிலிருந்துதான் 14 நாள் மருந்தை எண்ண வேண்டும். திரும்ப எடுக்கவே இல்லையென்றால் பெர்சிஸ்டன்டா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

பூஞ்சையின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை சில மணி நேரத்தில் சொல்லும், ஆனால் செத்த பூஞ்சையின் டிஎன்ஏவையும் காட்டக்கூடும். பூஞ்சையின் செல்சுவரிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பீட்டா-டி-குளுக்கான் என்ற பொருளின் அளவு கல்ச்சர் நெகட்டிவ் ஆன பின்னும் இறங்காமல் நிற்கலாம். ஆகவே பெயரில் 'கல்ச்சர்' இருக்கட்டும்: 'தொடர்கல்ச்சர் பூஞ்சை'.

புலவர்:
தொடர்கல்ச்சரா! அதற்கு ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர்:
'தொடர்' எனக்கும் ஒட்டவில்லை. 'தொடர்தொற்று' என்றால் வார்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்று நினைப்பார்கள். அப்புறம், ரத்தம் சுத்தமாகி, சில வாரம் கழித்து மறுபடி வருவது வேறு. அதற்கு 'மீள்' இருக்கிறது. இரண்டும் குழம்பக் கூடாது. எனக்கு 'விடா' சரி. விடாக்கண்டன் நினைவுக்கு வந்து சிரிப்பு வருகிறது என்றாலும், குணம் அதேதான்.

மொழிபெயர்ப்பாளர்:
அச்சகம் இருமுறை கூப்பிட்டுவிட்டது. 'விடாத இரத்தப் பூஞ்சைத்தொற்று' என்று அனுப்பிவிட்டேன். கீழே ஒரு வரி: "தக்க மருந்து தொடங்கி 5 நாளாகியும் கல்ச்சர் பாசிட்டிவாக இருப்பது, மறுகல்ச்சர் எடுக்காமல் இப்பெயரைக் குறிக்க வேண்டாம்." ஆசிரியர் இதற்கு ஒப்புவார் என்று நம்புகிறேன்.

நுண்ணுயிரியல் ஆசிரியர்:
அந்த வரிக்காகச் சொல்லை விட்டுக்கொடுக்கிறேன்.

புலவர்:
'விடா'வுக்குக் கெட்ட ஈற்றை மீட்டுக் கொடுத்துவிட்டுக் குருதியைப் பறித்துக்கொண்டீர்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பூஞ்சை, பூ பற்றித் தனி மடல் நாளை எழுதுகிறேன்.