பேய் ஷார்ட் பிலிமுக்கு நைட் விஷன் லைட்டு – தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, செங்கோட்டைல நாங்க நாலஞ்சு பயலுவ சேந்து டாக்குமெண்டரி ஸ்டைல்ல ஒரு பேய்ப்படம் எடுக்கோம், ஆவி இருக்கா இல்லியான்னு பாக்கப் போற டீமே கேமராவ தூக்கிட்டு அலையுத கதை. இடம் ஆரியங்காவு தாண்டி கழுதுருட்டி, வெள்ளக்காரன் காலத்து 13 கண்ணற (வளைவு) ரயில் பாலம் இருக்குல்லா, அதுக்குக் கீழ.

பிரச்சன என்னன்னா லைட்டு. சிசிடிவிக்கு போடுத 850 நானோமீட்டர் ஐஆர் (அகச்சிவப்பு) லைட்ட கட்டிப் பாத்தோம், படம் தெளிவாத்தான் வருது, ஆனா எல்இடி லேசா செவப்பா மின்னுறது எதுக்க நிக்கவன் மூக்குக்கண்ணாடில அப்படியே விழுது, பேய் வருமுன்ன கோயில்கொடை சீரியல் லைட்டு வந்தாப்ல இருக்கு. 940 போட்டா கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் கம்மி. அதுல எடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா, எத்தன அடி வரைக்கும் மூஞ்சி தெரியும்? ஐஆர் வெளிச்சத்த தடுக்குத பில்டர கழட்டுன கேமரா தென்காசி, புனலூர் பக்கம் வாடகைக்கு கெடைக்குமா?

அப்புறம் பாலத்து மேல ஏறல, கீழ ரோட்டோரம் நின்னு எடுக்கதுக்கும் ரயில்வே பெர்மிஷன் வேணுமா? பேட்டி குடுக்க மலையாளம் பேசுத அம்பது வயசு சேச்சி ஒருத்தங்களும் வேணும், நடிக்கத் தெரியாட்டி ரொம்ப நல்லது. சாப்பாடு, பஸ் காசு எங்க பொறுப்பு.