காட்ஃபேல் நாவல் வரிசை: எதில் தொடங்குவது, அப்படி என்ன ஈர்ப்பு?

ஓலைப்பெட்டி (கேள்வி)

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஷ்ரூஸ்பரி மடத்துத் துறவி காட்ஃபேல் துப்பறிகிற எல்லிஸ் பீட்டர்ஸின் நாவல்கள் மொத்தம் 20. வெளிவந்த வரிசையில்தான் படிக்கணுமா? முதல் நாவலில் ஒரு புனிதையின் எலும்புகளை எடுத்துவர வேல்ஸுக்குப் போகிறார்கள், கொலைக்கு வந்து சேரவே நேரமாகிறது. ஸ்டீபன், மாட் அரியணைச் சண்டை வேறு தலைசுற்ற வைக்கிறது. அந்த வரலாறு தெரியாமல் படித்தால் ஓடுமா? மறுபடி மறுபடி படிக்கிறவர்கள் அதில் எதைக் கண்டார்கள்?

மைக்கூடு

முதலாவதை (1977) இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள் நண்பரே. அது தனி நாவலாக எழுதப்பட்டது, வரிசையாக வளர்ந்தது பிறகுதான். இரண்டாவதான 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி' (1979) சரியான வாசல். 1138 கோடையில் அரசர் ஸ்டீபன் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்து, காவலிருந்த 94 பேரைத் தூக்கிலிடுகிறார். அடக்கம் செய்யப் போன காட்ஃபேல் எண்ணினால் 95 உடல்கள்! கூடுதலாகக் கிடப்பவன் கழுத்தில் இருப்பது தூக்குக்கயிற்றுத் தடமே இல்லை; பின்னாலிருந்து மெல்லிய நாணைப் போட்டு இறுக்கிய கோடு. பிணக்குவியலுக்குள் ஒரு பிணத்தை ஒளித்துவைத்த கொலை. காட்ஃபேலின் நண்பராகிற அரசு அதிகாரி ஹியூ பெரிங்கர் அறிமுகமாவதும் இதில்தான். அவர் இல்லாத காட்ஃபேல் பாதி காட்ஃபேல்தான்.

அப்புறம் 3, 4, 5 முன்பின்னாகப் படித்தாலும் மோசமில்லை. ஆனால் 6, 10, 20 மூன்றையும் இதே வரிசையில் படியுங்கள். ஒலிவியே என்ற இளைஞனின் கதை அவற்றுக்குள் ஓடுகிறது. 20ஐ முதலில் கையில் எடுத்தால் 6இன் கடைசிப் பக்கம் புஸ்வாணம்.

கல்வெட்டு

வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும். முதலாம் ஹென்றியின் மகன் 1120இல் கப்பல் மூழ்கி இறக்கிறான். மகள் மாட்டை வாரிசாக ஏற்கப் பிரபுக்கள் சத்தியம் செய்கிறார்கள். 1135இல் ஹென்றி இறந்ததும் மருமான் ஸ்டீபன் முந்திக்கொண்டு முடிசூடுகிறார். 9 முதல் 12 வரையான நான்கு நாவல்களும் ஏறக்குறைய 1141 என்ற ஒரே ஆண்டுக்குள் நடக்கின்றன: பிப்ரவரியில் லிங்கன் போரில் மாட்டின் தரப்பிடம் ஸ்டீபன் சிறைபிடிபடுகிறார், நவம்பரில் கைதிமாற்றத்தில் வெளியே வருகிறார். இடைப்பட்ட மாதங்களில் ராஜாவின் ஆளான ஹியூவின் பதவி எந்த நூலில் தொங்குகிறது என்பதைக் கவனித்தால் அந்த நான்கும் வேறு ருசி. சண்டை ஓய 1153 ஆனது. நாவல் வரிசை 1145லேயே நின்றுவிடுகிறது. ஆகவே யார் ஜெயித்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை.

நிறையப் பேர் தடுக்கி விழுவது மடத்தின் வழிபாட்டு நேரங்களில். பிரைம் என்றால் காலை 6 என்று அட்டவணை போட்டுவிடுவார்கள். அது விடியலை ஒட்டிய வழிபாடு, பருவத்தோடு நகரும். கோடைப் பிரைமும் குளிர்காலப் பிரைமும் ஒரே நேரமல்ல. வெஸ்பர்ஸ் மாலையில், கம்ப்ளின் படுக்கப்போகும் முன். துறவிகள் எல்லோரும் ஒன்றாகப் பாட வேண்டிய நேரங்கள் இவை என்பதால் 'வெஸ்பர்ஸுக்கு அவர் வந்தாரா' என்ற கேள்வியே விசாரணை ஆகிவிடும்.

வேர்க்காரன்

ஈர்ப்பு என்று கேட்டால் எனக்கு, காட்ஃபேல் மூலிகை மருந்து காய்ச்சும் குடில்தான். 'மங்ஸ்ஹூட்' (1980) படியுங்கள். தலைப்பிலுள்ள செடி நம் வசநாவியின் இனம். வேரை அரைத்து எண்ணெயில் சேர்த்துத் தேய்த்தால் மூட்டுவலித் தைலம். அதுவே வயிற்றுக்குள் போனால் உதடும் நாக்கும் முதலில் மரத்து, பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். பிரையர் (மடத்தின் துணைத்தலைவர்) தன் பந்தியிலிருந்து அனுப்பிய கவுதாரிக்கறியில் விஷம் கலந்திருக்கிறது. அந்த விஷம் காட்ஃபேல் தன் கையால் காய்ச்சிய தைலம். நோயாளியின் உதட்டைப் பார்த்தே அவர் கண்டுபிடிக்கிற இடம் அருமை. கொலையாளியின் காரணம் வேல்ஸ் சட்டத்துக்கும் இங்கிலாந்துச் சட்டத்துக்கும் நடுவே எங்கேயோ இருக்கு. இதற்கு மேல் வாயைத் திறந்தால் மைக்கூடு அடிக்க வருவார்.

மைக்கூடு

ஏற்கெனவே பாதி சொல்லியாச்சு!

மறுவாசிப்புக்கு என் காரணம் வேறு. கொலைக்குத் தூக்கு என்ற காலம் அது. காட்ஃபேல் பல தடவை ஆளைக் கண்டுபிடித்த பிறகு ஹியூவிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறார். நாற்பது வயதுவரை சிலுவைப்போர், கடல் என்று சுற்றிவிட்டு மடத்துக்கு வந்தவர், வாளால் கொன்றவர். கண்டுபிடித்துவிட்டேன் பார் என்ற மிதப்பு அவரிடம் கிடையாது. குற்றவாளியை வாழவிட்டு, வாழ்நாளையே கழுவாயாக்கிவிடும் முடிவும் உண்டு. ஹியூவும் சில சமயம் கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

குறையும் சொல்லணும். கிட்டத்தட்ட ஒவ்வொரு நாவலிலும் ஒரு இளம் காதல் ஜோடி. காதலிக்கிற பையன்மேல் சந்தேகம் விழுந்தால் அவன் நிரபராதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அடுத்தடுத்து நான்கைந்து படித்தால் சலிக்கும்.

ஓலைப்பெட்டி

இரண்டாவதிலேயே தொடங்குகிறேன். தொலைக்காட்சித் தொடரை முதலில் பார்த்துவிட்டால்?

கல்வெட்டு

வேண்டாம். டெரெக் ஜாக்கோபி நன்றாகச் செய்திருக்கிறார், ஆனால் 1994 முதல் 1998 வரை வந்தவை 13 கதைகள் மட்டும், அதுவும் நாவல் வரிசையில் இல்லை. 'பில்கிரிம் ஆஃப் ஹேட்' கதையையே மாற்றிவிட்டார்கள். தவிர, படப்பிடிப்பு நடந்தது ஹங்கேரியில். ஊரின் அமைப்பு மனதில் பதியாது.

அதற்கு ஷ்ரூஸ்பரி வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். செவர்ன் ஆறு ஊரை லாடம்போல் வளைத்துக்கொள்கிறது. மடம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், மதிலுக்கு வெளியே. இரவில் ஊர்வாசல் சாத்திய பிறகு மடத்துப் பக்கம் ஒரு பிணம் கிடந்தால், கொன்றவன் பாலத்தில் வந்தானா, படகில் வந்தானா, முதலிலிருந்தே இந்தப் பக்கம் இருந்தவனா என்று நீங்களே கணக்குப் போடலாம்.