ஜார்ஜ்டவுன் ஒரு நாள்: வெயிலுக்குத் தப்பி எந்த வரிசையில் பார்ப்பது?

தென்றல்:
சென்னையிலிருந்து பினாங்கு வருகிறோம். ஜார்ஜ்டவுனுக்கு ஒரு முழு நாள். அம்மாவுக்கு 68 வயது. நன்றாக நடப்பார், வெயில்தான் ஆகாது. மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கூ கோங்சி (கூ என்ற சீனக் குலத்தாரின் பழைய மாளிகை), ஆர்மீனியன் தெருச் சுவர் ஓவியங்கள், பினாங்கு மலை எல்லாம் ஒரே நாளில் முடியுமா?

தீவுவாசி:
மலையை விட்டுவிட்டால் நிதானமாக முடியும்.

முதலில் கடிகாரத்தைக் கவனியுங்கள். மலேசிய நேரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. ஊர் இருப்பதோ 100 பாகையில். அதனால் இங்கே உச்சி வெயில் 12 மணிக்கு அல்ல, 1.20 வாக்கில். மாலை 3 மணிக்கு வெளியே இறங்கினால், சென்னையின் ஒன்றேமுக்கால் மணி வெயிலில் நிற்பீர்கள். 12 முதல் 4.30 வரை கூரைக்குக் கீழே இருக்கும்படி திட்டமிடுங்கள். இருட்ட 7 மணிக்கு மேல் ஆகும், ஆகவே மாலையில் நேரம் தாராளம்.

காலை 8.30க்கு செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் (1818) தொடங்கி, மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையிலேயே தெற்கே நடந்தால் குவான் யின் என்ற சீன அம்மன் கோயில், அடுத்து குவீன் தெருவைப் பார்த்த மாரியம்மன் கோயில் (1833), பிறகு பள்ளிவாசல். மாரியம்மன் கோயிலை நண்பகலுக்கு முன்பே பார்த்துவிடுங்கள், நடை சாத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமையானால் பள்ளிவாசலையும் காலையிலேயே. அங்கிருந்து கூ கோங்சி பக்கம்தான். கல் பாவிய முற்றத்தில் சூடு எதிரடிக்கும், படம் எடுத்ததும் உள்ளே போய்விடுங்கள்.

நண்பகலுக்கு சர்ச் தெருவின் பெரானாக்கான் மாளிகை (மலாய், சீனப் பண்பாடு கலந்த பெரானாக்கான் மக்களின் வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகம்), அல்லது அறையில் ஒரு தூக்கம். நான் தூக்கத்தைத்தான் சொல்வேன். 5 மணிக்கு மேல் ஆர்மீனியன் தெரு, கடைசியாக சியூ படகுத்துறை (சியூ குலத்தார் கடல்மேல் தூண் நட்டுக் கட்டிய குடியிருப்பு). துறை கிழக்கு நோக்கியது, மாலைச் சூரியன் முதுகுப்பக்கம் போய்விடும்.

மலைப்பிரியன்:
நண்பகலுக்கு மலையே நல்லது என்பேன். மேலே சுமார் 5 டிகிரி குறைவு. ஜெட்டி பேருந்து நிலையத்திலிருந்து 204 பேருந்து அடிவாரம் வரை போகும். சில்லறை திருப்பித் தரமாட்டார்கள், சரியான தொகை வேண்டும். ஆனால் வார நாளில் மட்டும். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறையில் மேலே ஏற்றிச் செல்லும் மலை ரயிலுக்கான வரிசையிலேயே பகல் கரைந்துவிடும்.

நிழல்தேடி:
கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை (மாடிக்குக் கீழே கூரையோடு ஓடும் வராந்தா) நல்ல நிழல், ஆனால் நம்பி நடக்க முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தளம் ஒரு உயரம். மோட்டார் சைக்கிளும் சரக்குமாக அடைத்திருக்கும். தெருவில் இறங்கி ஏறும் இடத்தில்தான் வயதானவர்கள் தடுக்குவார்கள், ஓரத்தில் திறந்த வாய்க்காலும் இருக்கும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் தெருவின் கிழக்கு வரிசை, மாலையில் மேற்கு வரிசை என்று நடந்தால் நிழல் உங்கள் பக்கம்.

வயதானால் தாகம் தாமதமாகத்தான் தெரியும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) கலக்கும்போது பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீர் முழுதாக வேண்டும். குறைந்தால் உப்பு கூடிவிடும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவரானால் கிளம்புமுன் டாக்டரிடம் கேளுங்கள். தலைச்சுற்றல், குமட்டல் என்றால் உடனே குளிர்ந்த இடம், கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி. பேச்சு குழறினால் காத்திருக்காதீர்கள், அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள்.