மீக்கர் எழுதியதை வைத்து ஹைஸ்மித்தைத் தீர்ப்புச் சொல்லலாமா?

நாணல்:
அமெரிக்க நாவலாசிரியர் மேரிஜேன் மீக்கர், தன் முன்னாள் காதலியான நாவலாசிரியர் பட்ரீசியா ஹைஸ்மித்தைப் பற்றி 2003இல் வெளியிட்ட நினைவுநூலை ஆவணம் மாதிரி மேற்கோள் காட்டுவதை நிறுத்த வேண்டும். விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மீக்கரும் ஹைஸ்மித்தும் 1959இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் பெண்கள் கூடும் 'எல்ஸ்' என்ற பாரில் சந்தித்துக் காதலித்தார்கள். அடுத்த வருடம் பென்சில்வேனியாவில் நியூ ஹோப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் குடியேறினார்கள். 1961இல் பிரிந்தார்கள். புத்தகம் வந்தபோது ஹைஸ்மித் இறந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. நாற்பது வருடத்துக்கு முந்தைய பேச்சைப் பக்கம் பக்கமாக உரையாடலாக எழுதியிருக்கிறார். மறுத்துப் பேச எதிராளி உயிரோடு இல்லை. காலையிலேயே குடி, பொறாமை, வெறுப்புப் பேச்சு என்று எல்லாப் பழியும் ஒரே பக்கம் போகிறது.

மரப்பேழை:
உரையாடல் மீட்டெழுதியது, சரி. ஆனால் உரசிப் பார்க்கவே வழியில்லை என்பதை ஏற்க மாட்டேன் நாணல். பிரிந்த மறுவருடமே, 1962இல், இருவரும் ஆளுக்கொரு நாவல் வெளியிட்டார்கள். ஹைஸ்மித்தின் 'தி க்ரை ஆஃப் தி அவுல்' நாவலில் வரும் நிக்கி என்ற முன்னாள் மனைவிக்கு மீக்கர்தான் முன்மாதிரி; அவள் கடைசியில் கத்திக்குப் பலியாகிறாள். மீக்கர் 'வின் பாக்கர்' என்ற புனைபெயரில் எழுதிய 'இன்டிமேட் விக்டிம்ஸ்' நாவலில் ஒரு பாத்திரத்தின் பெயர் ஹார்வி பிளாங்மன். ஹைஸ்மித் பிறந்தபோது வைத்த பெயர் மேரி பட்ரீசியா பிளாங்மன். ஹைஸ்மித் என்பது மாற்றாந்தகப்பன் வழி வந்த பெயர். மலிவு விலைக் குற்ற நாவலை வாங்கிய வாசகருக்கு அது வெறும் பெயர். ஒரே ஒருத்தி படித்தால் சுருக்கென்று தைக்கும். காயம் ஆறாதபோது எழுதிய சாட்சியம் இது, நாற்பது வருட ஞாபகம் இல்லை.

நாணல்:
சாட்சியம் எதற்கு? கோபத்துக்கு. வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு இல்லை. நாவலில் செத்தவளை வைத்து யார் யாரை என்ன செய்தார் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் முடிவே இருக்காது.

கருமை:
ஹைஸ்மித் பக்கத்துக்கும் இதே கறார் வேண்டும். அவர் விட்டுப்போனவை 18 நாட்குறிப்புகள், 38 குறிப்பேடுகள், சுமார் 8000 பக்கம். 2021இல் அச்சில் வந்தது ஏறத்தாழ 1000 பக்கம். அதுவும் ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்று கூட இருப்பவர்கள் படிக்க முடியாதபடி கலந்து எழுதியது; அந்த மொழிகளை அவர் பிழையோடுதான் எழுதினார். நம் கைக்கு வருவது தேர்ந்தெடுத்து, மொழிபெயர்த்துத் திருத்திய பிரதி. 'நாட்குறிப்பு உண்மை, நினைவுநூல் கதை' என்று பிரிக்க அது இடம் தராது.

என்னைக் கேட்டால் இந்த ஜோடியைப் புரிந்துகொள்ள 1959ஐ விட 1952 முக்கியம். மீக்கரின் 'ஸ்பிரிங் ஃபயர்', ஹைஸ்மித் 'கிளேர் மார்கன்' என்ற பெயரில் எழுதிய 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' என்ற பெண்-பெண் காதல் நாவல்கள் இரண்டும் அந்த வருடம்தான் வந்தன. முதலாவதில் காதலி மனநோய்க்கு ஆளாகிறாள், நாயகி 'நான் அவளைக் காதலிக்கவே இல்லை' என்கிறாள். இரண்டாவதில் இரு பெண்களும் கடைசியில் சேர்கிறார்கள்.

மரப்பேழை:
அந்தச் சோக முடிவு கோல்டு மெடல் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் டிக் கரோல் போட்ட நிபந்தனை. நல்லபடி முடிந்தால் தபால்துறை பிரதிகளைப் பறிமுதல் செய்யும் என்று மீக்கரிடம் சொன்னார். தலைப்புகூட மீக்கருடையது இல்லை. ஜேம்ஸ் மிச்சனரின் 'தி ஃபயர்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' நாவல் நன்றாக விற்றதால், அது என்று நினைத்து வாங்குவார்கள் என்று வைத்தது.

நாணல்:
இதுவும் மீக்கர் வாய்மொழிதானே? தபால்துறை அவ்வளவு பயங்கரமென்றால் 'பிரைஸ் ஆஃப் சால்ட்' எப்படித் தப்பியது? 1953இல் பாண்டம் பதிப்பகம் அதைப் பேப்பர்பேக்காகவே போட்டது. கிட்டத்தட்ட பத்து லட்சம் பிரதி விற்றது, சந்தோஷமான முடிவோடு.

கருமை:
நல்ல கேள்வி. பதில் புத்தகம் வந்த வழியில் இருக்கிறது. 'பிரைஸ் ஆஃப் சால்ட்' முதலில் கோவர்ட் மக்கான் பதிப்பகம் கெட்டி அட்டையில் போட்டது. பத்திரிகை மதிப்புரை பெற்ற பிறகுதான் பாண்டம் மறுபதிப்பு வந்தது. அதை ஆபாசம் என்றால் புத்தகக்கடையில் விற்ற நூலையே ஆபாசம் என்றாக வேண்டும். 'ஸ்பிரிங் ஃபயருக்கு' அந்தக் கவசம் கிடையாது. கோல்டு மெடல் நேரடியாகப் பேப்பர்பேக்காகவே போட்டு மருந்துக்கடைச் சுழலடுக்கிலும் பேருந்து நிலையத்திலும் விற்றது. 1952இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கேதிங்ஸ் குழு விசாரித்தது இந்த ரகத்தைத்தான். கோல்டு மெடலின் 'விமன்ஸ் பாரக்ஸ்' அங்கே பெயர் சொல்லி அடிபட்டது.

தன்பாலீர்ப்பாளர்களுக்கான 'ஒன்' பத்திரிகை வழக்கையும் பாருங்கள். 1954 அக்டோபர் இதழை லாஸ் ஏஞ்சலிஸ் தபால் அதிகாரி நிறுத்திவைத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆபாசம் என்று காட்டியவற்றில் ஒன்று 'சாஃபோ ரிமெம்பர்டு' என்ற சிறுகதை. அதில் ஒரு பெண் கல்யாண வாய்ப்பை விட்டுவிட்டு இன்னொரு பெண்ணோடு போகிறாள். 1958 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. கரோல் பயந்ததற்குக் காரணம் இருந்தது.

நாணல்:
கவச வாதத்தை ஏற்கிறேன், கரோலின் பயம் கற்பனை இல்லை. அதனால் பண்ணை வீட்டுக் கதை நிரூபணம் ஆகிவிடாது.

மரப்பேழை:
ஆகாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேப்பர்பேக் வந்த பிறகு கிளேர் மார்கனுக்கு வாரத்தில் இரண்டு தடவை பத்துப் பதினைந்து கடிதம் வரும். இப்படியும் ஒரு முடிவு இருக்கிறதா என்று பெண்கள் எழுதினார்கள். அந்த நூலில் ஹைஸ்மித் தன் பெயரைப் போட்டது 1990இல், 'கேரல்' என்ற தலைப்பில். மீக்கர் காதலில் விழுந்தது அந்த எழுத்தாளர்மீதுதான். நினைவுநூலின் முதல் பாதி முழுக்க அந்த வியப்பு. பழி மட்டும் இருக்கிறது என்பவர்கள் பின்பாதியை மட்டும் படித்திருக்கிறார்கள்.

நாணல்:
அந்தப் பாதியை மறுபடி படிக்கிறேன். அதோடு 2004இல் வந்த 'ஸ்பிரிங் ஃபயர்' மறுபதிப்புக்கு மீக்கர் எழுதிய முன்னுரையையும் பக்கத்தில் வைத்து, கரோல் சொன்னதாக இரண்டிலும் வருவது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஆள் இரு தடவை சொன்ன அதே விஷயம் மாறியிருந்தால், உரையாடல் பக்கங்களை எவ்வளவு தள்ளிப் படிப்பது என்று அங்கே தெரியும்.