தரம் 4, 5 பிள்ளைகளுக்குப் பொல்லடி பழக்க எங்கிருந்து தொடங்கலாம்?

கரையோர_டீச்சர்

அஸ்ஸலாமு அலைக்கும். இலங்கையின் அம்பாறைக் கரையோரப் பாடசாலை ஒன்றில் தரம் 4, 5 ஆண் பிள்ளைகள் 14 பேருக்குப் பொல்லடி பழக்க வேண்டும், அதுதான் இரு கையிலும் பொல்லு (குறுந்தடி) பிடித்துத் தட்டி ஆடும் நம்மட முஸ்லிம் ஊர்களின் ஆட்டம். மீலாத் (நபியவர்கள் பிறந்த நாள்) விழாவுக்கு எட்டுக் கிழமை இருக்கிறது. கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு 40 நிமிடம். ஊரில் வயதான அண்ணாவியார் (ஆட்டம் பழக்கும் ஆசான்) ஒருவர் இருக்கிறார். வந்து பார்த்துத் திருத்துவார், ஆனால் ஒவ்வொரு நாளும் நின்று பழக்க அவருக்கு உடம்பு இடம் கொடுக்காது.

பெரியவர்களின் பொல்லு பிள்ளைகளின் கைக்குப் பாரமாக இருக்கிறது. என்ன அளவில் செய்விக்கலாம்? கையில் அடி விழாமல் பழக்குவது எப்படி? பிள்ளைகள் வெறும் தடி தட்டிவிட்டுப் போகாமல், இது யாருடைய கலை, எதற்காக ஆடினார்கள் என்பதும் மனதில் தங்க வேண்டும். அதைப் பாடமாகச் சொன்னால் பத்து நிமிடத்தில் கொட்டாவி விடுகிறார்கள். ஆட்டத்தோடு சேர்த்துச் சொல்ல வழி உண்டா?

முழக்கோல்

வஅலைக்குமுஸ்ஸலாம் டீச்சர். முதலில் பொல்லு.

அளவு நாடாவை விடுங்கள். அவரவர் கையால் ஒரு முழம், அதாவது முழங்கை மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை. பெரிய ஆளுக்கு அது ஒன்றரை அடி வரும், 9 வயதுப் பிள்ளைக்கு 13–14 அங்குலம். இதைவிட நீண்டால் மணிக்கட்டு களைத்துப்போய்ப் பிள்ளை முழுக் கையையும் வீசத் தொடங்கும். பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் அடிபடுவது அந்த வீச்சில்தான். பருமன், பிடித்தால் கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொள்ளும் அளவு, முக்கால் அங்குலம் போதும்.

கொய்யாக் கம்பு நல்லது: உறுதி, பாரமில்லை, ஊரிலேயே கிடைக்கும். பட்டையை உரித்து, இரண்டு முனைக்கும் மெழுகு தடவி, நிழலில் மூன்று கிழமை காயப் போடுங்கள். வெயிலில் போட்டால் மேற்புறம் முந்திச் சுருங்கி நீளத்துக்கு வெடிக்கும். வெடித்த பொல்லு சிராய் ஏற்றும், சத்தமும் செத்துப்போகும். ஆளுக்கு இரண்டு வீதம் 28, மேலதிகமாக 4. இன்றைக்கே வெட்டினால்தான் நாலாம் கிழமைக்குக் கையில் இருக்கும். அதுவரைக்கும் பத்திரிகைத் தாளை இறுக்கிச் சுருட்டி நாடா ஒட்டிப் பாவிக்கலாம்.

விரலில் அடி விழுவதற்குக் காரணம் ஒன்றுதான். இரண்டு பொல்லும் ஒரே சாய்வில் வந்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கைப்பிடிக்கு இறங்கும். குறுக்காக, பெருக்கல் குறி மாதிரிச் சந்தித்தால் வழுக்காது. பிடிக்குக் கீழே ஒரு பெருவிரல் அகலம் பொல்லு மிஞ்சட்டும், அடி மேல் மூன்றில் ஒரு பங்கில் விழட்டும், உயரம் தோளைத் தாண்ட வேண்டாம். "பொல்லைப் பார்க்காதே, எதிரில் நிற்பவன்ட கண்ணைப் பார்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். பொல்லைப் பார்க்கிற பிள்ளை அரை நொடி பிந்தித்தான் அடிக்கும்.

நால்தாளம்

முழக்கோல் நானா சொன்ன அளவு சரி. தாள் பொல்லில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அதில் சத்தம் வராது. சத்தம் வராததால் பிள்ளை இன்னும் பலமாக அடிக்கும், அந்தப் பழக்கம் கொய்யாக் கம்புக்கும் தொடரும். இடம் மாறிப் போவதைப் பழக்கும்போது மட்டும் தாள் பொல்லு கொடுங்கள். மற்றபடி முதல் மூன்று கிழமைக்குப் பொல்லே வேண்டாம், உள்ளங்கை போதும்.

ஒழுங்கு இப்படி: முதல் கிழமை பாட்டும் கைதட்டும், இருந்த இடத்திலேயே. இரண்டாம் கிழமை கால் சேரட்டும். வலது கால் முன்னே, இடது சேர்த்து, முழங்கால் கொஞ்சம் மடங்கி. மூன்றாம் கிழமை வட்டம். நாலாம் கிழமைதான் பொல்லு. முதல் நாளே பொல்லைக் கொடுத்தால் பாட்டு காதில் ஏறாது.

அடிப்படை அடி நாலு எண்ணிக்கை. ஒன்று: தன் பொல்லு இரண்டையும் தானே தட்டுவது. இரண்டு: வட்டக் கோட்டில் முகம் பார்த்து எதிரில் நிற்பவரின் பொல்லோடு வலது. மூன்று: மீண்டும் தன் பொல்லு. நாலு: எதிராளோடு இடது. இது முடிந்ததும் திரும்பி முதுகுப் பக்கம் நிற்பவரோடு அதே நாலு. ஆளெண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒருவன் காற்றில் அடிப்பான். ஒருவன் வராத நாளில் அண்ணாவியாரையோ உங்களையோ உள்ளே நிறுத்துங்கள்.

14 பேரையும் ஒரே வட்டத்தில் விடாதீர்கள். 12 பேர் களத்தில், 2 பேர் பாட்டுக்கும் தாளத்துக்கும். கிழமைக்குக் கிழமை அந்த இருவரை மாற்றினால் எல்லாப் பிள்ளைக்கும் இரண்டும் வரும். பிள்ளைக்கு நாலடி இடைவெளி தேவை, ஆக 12 பேருக்குச் சுற்றளவு 48 அடி. ஏழரை அடிக் கயிற்றின் ஒரு முனையை நடுவில் முளையடித்துக் கட்டி, மற்ற முனையால் மணலில் வட்டம் கீறிவிடுங்கள். கோடு இல்லாவிட்டால் அடிக்க அடிக்க எல்லாரும் நடுவுக்கு வந்துவிடுவார்கள். இடம் குறுகினால் முழங்கை முட்டும், பிறகு சண்டைதான்.

பிள்ளைகளுக்கு உயிரான கட்டம் பின்னல். ஒன்றுவிட்ட ஒருவருக்குப் பச்சைத் தொப்பியும் வெள்ளைத் தொப்பியும் கொடுங்கள். பச்சை வலமாக, வெள்ளை இடமாக. முதல் ஆளைப் பச்சை வெளிப்பக்கமாகக் கடக்கும், அடுத்த ஆளை உட்பக்கமாக, பிறகு வெளி, பிறகு உள். ஒவ்வொரு கடப்பிலும் ஒரு தடவை அந்த நாலு எண்ணிக்கை அடி. சரிபார்க்கச் சுலபமான வழி உண்டு. 12 பேர் ஆடினால் 6 கடப்பு முடிந்ததும் முதலில் நின்ற அதே சோடி மறுபடி எதிரே வர வேண்டும், 12 கடப்பில் அவரவர் பழைய இடத்தில் நிற்க வேண்டும். ஆறில் சோடி கிடைக்கவில்லையென்றால் யாரோ ஒருவன் இரண்டு தடவை ஒரே பக்கமாகக் கடந்திருக்கிறான். ஆட்டத்தை நிறுத்தி ஆளைத் தேட வேண்டாம். எல்லாரையும் பழைய இடத்துக்கு அனுப்பி, "வெளியே, உள்ளே" என்று வாயால் சொல்லிக்கொண்டே நடக்க விடுங்கள், பொல்லில்லாமல்.

வேகம்: நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்குங்கள். எட்டுக் கிழமையில் 100 வந்தால் இந்த வயதுக்குத் தாராளம். பொல்லுச் சத்தத்தைக் கேட்டு ஆடினால் பிள்ளைகள் தாமாகவே கெதியாகிவிடுவார்கள். தாளமும் பாட்டும் பொல்லை மீறிக் கேட்க வேண்டும், அதற்குத்தான் அண்ணாவியார் வட்டத்தோடு ஒட்டி நிற்பது.

மூத்தாப்பா_வீடு

கொட்டாவி பற்றிக் கேட்டீர்கள் டீச்சர். பாடமாகச் சொல்லவே தேவையில்லை, ஆட்டத்தின் ஒழுங்கிலேயே எல்லாம் இருக்கிறது. தொடக்கத்தில் இறைவனைப் புகழும் காப்பு, சபைக்குச் சலாம், அண்ணாவியாரிடமிருந்து பொல்லை இரண்டு கையாலும் வாங்குவது. இவை மேடைக்கு மட்டும் என்று வைக்காமல் ஒவ்வொரு பயிற்சி நாளும் செய்யுங்கள். மூன்றாம் நாள் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் செய்வார்கள். "ஏன் சலாம் சொல்லித் தொடங்குறோம்?" என்று ஒருவன் கேட்பான். சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

பாட்டைத் தாளில் அடித்துக் கொடுக்காதீர்கள். அண்ணாவியார் ஓர் அடி பாட, பிள்ளைகள் திருப்பிப் பாட வேண்டும். வாய்வழியாக வந்த பாட்டு வாய்வழியாகவே போகட்டும். நாளுக்கு இரண்டு வரி, ஒரு சொல்லுக்கு விளக்கம், அவ்வளவுதான். ஒரு கவனம்: ஊர்ப் பாட்டில் மூன்று மூன்றாக நடக்கிற மெட்டும் வரும். அதை நால்தாளம் சொன்ன நாலு அடியில் போட்டால் இரண்டாம் வரியிலேயே சறுக்கும். நாலாக நடக்கிற பாட்டைத் தெரிந்து தரச் சொல்லுங்கள். முதல் நாள் அடிக்குச் சொல் வேண்டுமென்றால் "கொட்டு – வலம் – கொட்டு – இடம்" என்றே பாடலாம்.

வீட்டு வேலையாக ஒரு கேள்வி கொடுங்கள்: "மூத்தாப்பாவிடம் (தாத்தாவிடம்) கேள், நம்மட ஊரில் பொல்லடி எப்போது போட்டார்கள்?" கலியாணம், சுன்னத்து வைபவம், பெருநாள், ஊருக்கு வந்த விருந்தாளியை வரவேற்றது என்று பதில்கள் வரும். ஒரே அடிக்கு ஒரு வீட்டில் ஒரு பெயரும் இன்னொரு வீட்டில் வேறு பெயரும் சொல்வார்கள். ஆட்டத்தையே களிகம்பு என்பவர்களும் உண்டு. எதையும் பிழை என்று வெட்டாமல் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மட்டக்களப்பின் வசந்தன் ஆட்டத்திலும் சிங்களவரின் லீகெளி ஆட்டத்திலும் கோல் தட்டுவதைக் காட்டினால், பக்கத்து ஊரவர்களும் இதே தாளத்தில் நிற்கிறார்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

ஆட்டம் என்றால் சில பெற்றோர் தயங்குவார்கள். பயிற்சி தொடங்குமுன் கூப்பிட்டுப் பாட்டு வரிகளை முழுதாக வாசித்துக் காட்டுங்கள். பெருநாளன்று ஹபஷிகள் (அபிசீனியர்) நபியவர்களின் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடியதும், அவர்களின் துணைவி ஆயிஷா நாயகி அதைப் பார்த்ததும் ஹதீஸில் வருவது பலருக்கும் தெரிந்ததுதான். ஊர் மௌலவியையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். பயிற்சி அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு தொடங்கி மஃரிப் (சூரியன் மறைந்ததும் வரும்) தொழுகைக்கு அரை மணித்தியாலம் முன்னே முடிந்தால் பாதித் தயக்கம் அதிலேயே போய்விடும்.

கரையோர_டீச்சர்

ஜஸாக்கல்லாஹு கைரா எல்லாருக்கும். இன்னும் ஒன்று. எங்கள் மண்டப மேடை 16 அடி அகலம்தான். 12 பேர் வட்டம் கொள்ளுமா? பொல்லில் சதங்கை கட்டலாமா?

நால்தாளம்

கொள்ளாது டீச்சர். வட்டமே 15 அடி, கையும் பொல்லும் நீள இரு பக்கமும் இரண்டிரண்டடி, ஆக 19–20 அடி வேண்டும். 8 பேராகக் குறைத்தால் ஐந்தடிக் கயிறு, மொத்தம் 14–15 அடியில் அடங்கும். ஆனால் நாலு பிள்ளையைக் கீழே இறக்குவதைவிட முற்றத்தில் ஆட விடுவதே நல்லது. பொல்லடிக்கு நாலு பக்கமும் சனம் நிற்க வேண்டும். மேடையில் முன்னால் நிற்பவனின் முதுகுதான் தெரியும்.

சதங்கை கட்டுவதென்றால் கடைசி இரண்டு கிழமையில், கைப்பிடிப் பக்க முனையில் மட்டும், நூலை இறுக்கிச் சுற்றி. அடி விழும் முனையில் கட்டினால் முதல் நாளே மணி தெறித்துப் போகும். வெறுங்காலோடு ஆடுகிற பிள்ளைகள், ஆகவே ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் மணலில் ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள்.