மோரிஸ் மைனர் சூடானதும் நின்றுவிடுகிறது, அவசர உதவி தேவை

வெள்ளைமைனர்:
வணக்கம். கிளம்பி இருபது நிமிடம் ஓடியதும் என் மோரிஸ் மைனர், பழைய பிரிட்டிஷ் கார், நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. திரும்ப இருபது நிமிடம், திரும்ப நிற்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன். பிளக் நான்கும் புதுசு. பெட்ரோலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இதில் வெளியே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். முதலில் அவருடைய வண்டி இது. யாராவது சீக்கிரம் வழி சொல்லுங்கள்.

எண்ணெய்க்கை:
எந்த வருடத்து வண்டி? 948 சிசியா, 1098ஆ? பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் பாயின்ட் இருக்கிறதா, அதற்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருக்கிறீர்களா? எல்லாவற்றையும்விட முக்கியம், எப்படி நிற்கிறது? விக்கி விக்கி, இழுவை குறைந்து நிற்கிறதா, சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று அணைகிறதா? இந்த ஒன்றைச் சொன்னாலே பாதி தேடல் மிச்சம்.

ஆவிக்குழாய்:
இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, பெட்ரோல் குழாயில் ஆவி அடைக்கிறது. இந்த இன்ஜினில் கார்புரேட்டர் உட்காரும் பக்கமும் சைலன்சருக்குப் புகை போகும் பக்கமும் ஒன்றே. புகைக்குழாயின் சூடு நேராக மேலே ஏறி, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையைத் தாக்கும். பெட்ரோல் அங்கேயே கொதித்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு வையுங்கள், பெட்ரோல் குழாயின்மேல் சூடு தாங்கும் உறை சுற்றுங்கள். அந்தக் காலத்தில் துணி காயப்போடும் மரக் கிளிப்பைக் குழாய் நெடுக மாட்டுவார்கள். நானும் மாட்டியிருக்கிறேன், நின்றதே இல்லை.

டாஷ்பாட்:
கார்புரேட்டரின் மேல் தொப்பியைத் திறந்து எண்ணெய் பார்த்தீர்களா? மைனரில் வரும் எஸ்.யு. நிறுவனக் கார்புரேட்டரில் அந்த எண்ணெய் இல்லாவிட்டால் வண்டி என்ன வேண்டுமானாலும் செய்யும். முதலில் அதை ஊற்றுங்கள்.

எண்ணெய்க்கை:
டாஷ்பாட் நண்பரே, அந்த எண்ணெய் குறைந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தடுமாறும், அவ்வளவுதான். இருபது நிமிடம் ஒழுங்காக ஓடிய வண்டி அதனால் நிற்காது.

பின்சீட்டுக்காரி:
பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுக்க முடியாமல் போகும். கொஞ்ச நேரம் நின்றால் மெல்லக் காற்று புகுந்து சரியாகிவிடும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் அதுதான். எங்கள் வீட்டு மைனரில் ஒரு வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டோம், கடைசியில் மூடிதான்.

ஸ்பானர்ஐயா:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவும் விருப்பமில்லை. தம்பி, பிளக் புதுசு என்றால் அந்த நான்கு பிளக்கும் புதுசு, அவ்வளவுதான் பொருள். என்ன கோளாறு என்று அது சொல்லாது. மைனரின் இக்னிஷன் உலகத்திலேயே எளிமையானது. பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயில், பாயின்ட், அது கருகாமல் காக்கும் கண்டென்சர், பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர், மூடி, நாலைந்து ஒயர். நின்ற நிமிடத்தில் பார்க்க வேண்டியது இரண்டுதான்: பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா. இதைப் பார்க்காமல் கார்புரேட்டரை ஏன் கழற்றினீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் ஆதாரம் இல்லாமல் ஸ்பானரைத் தொடவே விடமாட்டார்கள்.

வெள்ளைமைனர்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 1965, 1098 சிசி. பாயின்ட்தான். விக்கவில்லை, சட்டென்று அணைகிறது. டேங்க் மூடி திறந்தேன், சத்தம் எதுவும் இல்லை. சாயங்காலம் மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்.

எண்ணெய்க்கை:
சட்டென்று அணைகிறதா? அப்படியானால் என் கண் மின்சாரப் பக்கம்தான் போகிறது. பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வண்டி சொல்லிவிட்டுத்தான் நிற்கும். ஃப்ளோட் அறையில் மிச்சம் இருப்பதைக் குடித்து, மெலிந்து, இரண்டு மூன்று முறை இருமும்.

ஆனாலும் பெட்ரோலைச் சும்மா விட வேண்டாம். உங்கள் வண்டியில் எஸ்.யு. மின்சார பம்ப் என்றால் அதுவே காட்டிக்கொடுக்கும். நின்றதும் சாவியை மட்டும் போட்டுக் காதைத் தீட்டுங்கள். நாலைந்து டிக் அடித்து ஓய்ந்தால் ஃப்ளோட் அறை நிறைந்துவிட்டது, பெட்ரோல் பக்கம் குறை இல்லை. விடாமல் டகடகவென அடித்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றையோ ஆவியையோ இழுக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஃப்ளோட் அறை ஏற்கெனவே நிறைந்திருக்கலாம், பம்ப் செத்தும் போயிருக்கலாம். கார்புரேட்டரில் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சிந்தாமல் பாருங்கள்.

பொறிக்கு, காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, அதன் நுனியை இன்ஜின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்து இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வெறும் கையால் பிடிக்காதீர்கள், காய்ந்த மரக்கட்டையால் தாங்குங்கள். பெட்ரோல் ஆவி பக்கத்தில் இருக்கக் கூடாது. நீல நிறத்தில் பளீரென்று தாவ வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். இன்ஜின் நின்ற நிலையில் சாவியை ஒரு நிமிடத்துக்கு மேல் போட்டு வைக்க வேண்டாம். பாயின்ட் மூடிய இடத்தில் நின்றிருந்தால் காயிலில் மின்சாரம் தொடர்ந்து பாய்ந்து அது வெந்துவிடும்.

நாலாம்கியர்:
இதெல்லாம் எதற்கு? எலக்ட்ரானிக் இக்னிஷன் ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வைத்துவிடுங்கள். பாயின்ட் தேயாது, இடைவெளி பார்க்க வேண்டாம், கண்டென்சரும் இல்லை. என் மைனரில் ஆறு வருடமாக அதுதான். காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட்.

ஸ்பானர்ஐயா:
ஆறு வருடம் ஓடியது நல்லது. ஏழாவது வருடம் நடுவழியில் அது செத்தால் என்ன செய்வீர்கள்? பாயின்ட் கெட்டால் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்து வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த எலக்ட்ரானிக் சில்லு போனால் இழுவை வண்டிதான். அதோடு, பழைய மைனர் பாசிட்டிவ் எர்த்தில், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடம்போடு இணைந்து வந்த வண்டி. நெகட்டிவ் எர்த்துக்கான சாதனத்தை அதில் போட்டால் சாவி திருப்பிய நொடியில் கருகும். இதையெல்லாம் சொல்லாமல் "வைத்துவிடுங்கள்" என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

நாலாம்கியர்:
பாசிட்டிவ் எர்த்துக்கென்றே தனியாக வருகிறது ஐயா. நான் போட்டிருப்பதும் அதுதான். பழைய பாயின்ட் தொகுப்பையும் கண்டென்சரையும் டிக்கியில் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். மாற்ற இருபது நிமிடம். நான் யோசிக்காமல் பேசவில்லை.

மரச்சட்டம்:
கேட்டவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் மைனர் என்று எது மிஞ்சும்? அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார். பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார். அந்தச் செல்ஃப் சத்தம், பம்ப் டிக் டிக், கியர் மாற்றும்போது வரும் முனகல், எல்லாம் சேர்ந்ததுதான் அது. இன்று இக்னிஷன், நாளை ஐந்து கியர் பெட்டி, அப்புறம் வேறு இன்ஜின். நான் மைனரிலேயே மரச்சட்டம் வைத்த டிராவலர் வகை வைத்திருக்கிறேன். கிரீஸ் நிப்பிள் ஒன்றைக்கூட மாற்றவில்லை.

பின்சீட்டுக்காரி:
அண்ணா, உங்கள் டிராவலர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறேன். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டேன், பின்னால் சீட் பெல்ட் போட்டேன். நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக்கோடு இன்றைய போக்குவரத்தில் முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றால் எனக்கு உயிர் போய் வரும். பழைய பாகங்கள் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என்றைக்கு வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். கழற்றி மாட்டக்கூடிய மாற்றம் வேறு, உடம்பை வெட்டிச் செய்யும் மாற்றம் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மரச்சட்டம்:
பிரேக் விஷயத்தில் உங்களோடு சண்டை போடமாட்டேன் தங்கச்சி. வெட்டாமல் செய்வது என்றால் சரி. ஆனால் இக்னிஷன் உயிர் காக்கும் விஷயம் இல்லையே.

ஆவிக்குழாய்:
நான் சொன்ன தகடு வைத்தாரா இல்லையா? அதைச் சொல்லாமல் எல்லோரும் எங்கேயோ போய்விட்டீர்கள்.

வெள்ளைமைனர்:
இப்போதுதான் வந்தேன். பதினெட்டு நிமிடத்தில் நின்றது. பம்ப் மூன்று டிக் அடித்து ஓய்ந்தது. பொறி சுத்தமாக இல்லை. அரை மணி கழித்து அதே ஒயரில் பொறி வந்தது, வண்டியும் கிளம்பியது. கண்டென்சரா?

நாலாம்கியர்:
கண்டென்சராகவே இருக்கலாம். புதுசாக வாங்கியதிலும் சில சூடானதும் போய்விடுகின்றன. வேறொன்றை மாட்டிப் பாருங்கள்.

ஸ்பானர்ஐயா:
இப்போதுதான் ஒரு தகவல் வந்திருக்கிறது. கண்டென்சர் இருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் போகும் சின்ன ஒயரும் இருக்கலாம், அது வளைந்து வளைந்து மேலுறைக்குள்ளேயே அறுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ரோட்டரில் ஓட்டை விழுந்து மின்சாரம் கசிந்தாலும் வண்டி நிற்கும், ஆனால் காயில் ஒயரில் பொறி இருக்கும். உங்களுக்கு அங்கேயே இல்லை என்பதால் ரோட்டரையும் மூடியையும் விட்டுவிடலாம். மிச்சம் காயில், கண்டென்சர், பாயின்ட், அந்தச் சின்ன ஒயர். காயில் எப்படி இருக்கிறது?

வெள்ளைமைனர்:
காயிலைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆனால் அது புதுசு ஐயா, நல்ல ஸ்போர்ட்ஸ் காயில். பொறி பலமாக வரும் என்று படித்துவிட்டுப் போட்டேன். அதனால்தான் அதைச் சொல்லவில்லை.

எண்ணெய்க்கை:
எப்போது போட்டீர்கள்? எப்போதிருந்து நிற்கிறது?

வெள்ளைமைனர்:
போட்டு இரண்டு வாரம் இருக்கும். நிற்பதும் அப்போதிலிருந்துதான்.

எண்ணெய்க்கை:
சரி, மல்டிமீட்டர் எடுங்கள். காயில் ஆறியதும் இரண்டு சின்ன முனைகளிலிருந்தும் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டுக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எதற்கென்றால், காயில் இரண்டு வகை. ஒன்று சுமார் 3 ஓம், நேராக 12 வோல்ட்டில் ஓடும். இன்னொன்று சுமார் 1.5 ஓம், அதன் வழியில் ஒரு பாலஸ்ட் ரெசிஸ்டர் வைத்த வண்டிகளுக்கு. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டி முழு வோல்ட் கிடைக்கும், ஓடும்போது குறைத்துக் கொடுக்கும். பின்னால் வந்த பல கார்களில் அந்த ஏற்பாடு உண்டு. மைனரில் கிடையாது. 12ஐ 3ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். 1.5ஆல் வகுத்தால் 8. இரண்டு மடங்கு மின்சாரம், காயிலில் இரண்டு மடங்கு சூடு. சூடு ஏறி உள்ளே எங்காவது தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் சேரும். நீங்கள் சொன்ன அத்தனை அறிகுறியும் இதில் பொருந்துகிறது. அந்த 8 ஆம்பியரும் பாயின்ட் வழியாகத்தான் போகிறது, அதையும் பாருங்கள்.

ஸ்பானர்ஐயா:
காயில் சூடாக இருப்பது மட்டும் சான்று இல்லை. நல்ல காயிலும் கை பொறுக்காத அளவுக்குச் சுடும். எண்ணெய்க்கை சொன்னதுபோல் அளந்துவிட்டு வாருங்கள். மற்றபடி அவர் சொல்வது சரி. அந்த இருபது நிமிடத்தைக் கேட்டபோதே காயிலை நானும் கேட்டிருக்க வேண்டும்.

டாஷ்பாட்:
எண்ணெய் ஊற்றினீர்களா என்று இன்னும் சொல்லவில்லை.

மரச்சட்டம்:
மூன்று நாளாகச் சத்தம் இல்லை. என்ன ஆயிற்று தம்பி? ஞாயிறும் போய்விட்டது.

பின்சீட்டுக்காரி:
நானும் தினமும் வந்து பார்க்கிறேன். அப்பாவை அழைத்துப் போனீர்களா?

வெள்ளைமைனர்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். 1.5 ஓம். பழைய காயில் 3.1, நல்லவேளை தூக்கிப் போடவில்லை. அதையே மாட்டினேன். பாயின்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தது, அதையும் கண்டென்சரையும் மாற்றி 0.38 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். ஞாயிறு எழுபது கிலோமீட்டர், எங்கும் நிற்கவில்லை. திரும்பும்போது அப்பாவே ஓட்டினார். எல்லோருக்கும் நன்றி. டாஷ்பாட் அண்ணா, எண்ணெய் குறைவாகத்தான் இருந்தது, ஊற்றிவிட்டேன்.

ஸ்பானர்ஐயா:
சந்தோஷம். ஒன்றே ஒன்று பாக்கி. உங்கள் வண்டி இன்னும் பாசிட்டிவ் எர்த்தா, இடையில் யாராவது நெகட்டிவுக்கு மாற்றினார்களா? பழைய காயில் வண்டியோடு வந்தது என்றால் முனைகளில் எஸ்.டபிள்யூ. (சுவிட்ச் பக்கம்), சி.பி. (பாயின்ட் பக்கம்) என்று எழுதியிருக்கும். பாசிட்டிவ் எர்த்தில் சி.பி. முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். எர்த்தை மாற்றியிருந்தால் அந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போட வேண்டும். தவறாக இருந்தாலும் வண்டி ஓடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பிளக்கில் பொறி தாவ அதிக வோல்ட் தேவைப்படும், மேட்டில் மிஸ்ஸிங் வரும். பானட்டைத் திறந்து பேட்டரியின் எந்த முனை உடம்போடு இணைந்திருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.